எட்டு மைல் தூரத்தில் ஒரு வீடு

2003ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 14ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. வானம் மூடிக்கிடந்தது, மழை இல்லை. காகிதத்தைக் கிளப்பும் அளவுக்குக் காற்று இருந்தது. அதனால் மேசையில் விரித்த படிவத்தின் நான்கு மூலையிலும் நான்கு பொருள் வைத்தேன்: என் கண்ணாடிக்கூடு, ஒரு பூட்டு, விதைநெல் முடிச்சு, மகளின் பரீட்சைப் பெறுபேறு இருந்த தகரப்பெட்டி. இவ்வளவு கவனமாக உட்கார்ந்து நிரப்பிய படிவத்தில்தான் பிழை விட்டேன்.

அது பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகள் மாதாந்த உதவிப்பணம் கேட்டு அனுப்பும் படிவம். எட்டுப் பக்கம், முப்பத்தொரு கேள்வி. என் மகள் முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, கலைப்பீடத்துக்கு எடுபட்டிருந்தாள். எங்களுக்குப் பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை. அவளுக்கு வயது பத்தொன்பது, எனக்கு ஐம்பத்தெட்டு. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயலும் இரண்டு பசுவும் இருந்தன. உதவிப்பணம் கிடைக்காவிட்டால் முதல் அரையாண்டை எப்படியாவது சமாளிக்கலாம். இரண்டாவதுக்குப் பசுக்களை விற்க வேண்டும். மூன்றாவதுக்கு விற்க ஒன்றும் இல்லை. இதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கும் கூட்டத் தெரியும்.

நான்காவது கேள்வி நிரந்தர முகவரி. ஐந்தாவது தற்போதைய முகவரி. ஐந்துக்கு முத்தையன்கட்டு என்று எழுதினேன். நான்குக்குப் பேனையை நிறுத்தாமலே யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த ஊரையும், ஒழுங்கையையும், வீட்டையும் எழுதினேன்.

மகள் எதிரே கதிரையில் இருந்தாள். எழுத்தைத் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ரெண்டுக்கும் இஞ்சத்தையான் விலாசத்தைப் போடுங்கோவன்."

"ஏன், இது நிரந்தரமோ?"

"நான் பிறந்ததே இஞ்சதானே."

"நீ பிறந்தது முல்லைத்தீவு ஆசுப்பத்திரியில. அப்ப அதைப் போடட்டோ?"

நான் என்னவோ வென்றுவிட்டவன்போல அடுத்த கேள்விக்குப் போனேன்.

என் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1969இல் படித்த வாலிபர்களுக்கு அரசாங்கம் இங்கே காணி கொடுத்தது. மிளகாயும் வெங்காயமும் நட வந்த யாழ்ப்பாணத்துப் பொடியள் எங்கள் வாய்க்காலில் மட்டும் இருபத்தேழு பேர். அந்த இருபத்தேழு பேரில் ஒருவர்கூட, எந்த ஊர் என்று கேட்டால் முத்தையன்கட்டு என்று சொன்னது கிடையாது. கலியாணப் பேச்சிலும் கோயில் பற்றுச்சீட்டிலும் பழைய ஊர்தான். வாக்காளர் இடாப்பிலும் அப்படித்தான். வருடா வருடம் என் தம்பி ஊர்ப் பதிவில் முதலில் என் பெயரையும் என் மனைவியின் பெயரையும் எழுதிவிட்டுத்தான் தன் பெயரை எழுதுவான். இங்கேயிருந்து 97க்குப் பிறகு இரண்டு தரம் இடம்பெயர்ந்தோம். போகும்போது கழற்றிக்கொண்டு போன கூரைத்தகரம் இருபத்திரண்டு, திரும்பி வந்தது பதினேழு. பதினேழு தகரம் போட்ட வீட்டை நிரந்தரம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆனால் அந்தப் பழைய வீடு 1990இலிருந்து இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள் இருந்தது. அதைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. கூரை இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. தம்பியே குடும்பத்தோடு யாழ்ப்பாணத்தில், இடம்பெயர்ந்தவர்களுக்கான ஒரு நலன்புரி நிலையத்தில் ஒற்றை அறையில் இருந்தான்.

பத்தொன்பதாவது கேள்வி சொத்து விபரம். அதற்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஊரில் நான்கு பரப்புத் தோட்டக்காணி, பங்குக் கிணற்றில் ஆறில் ஒரு பங்கு.

படிவத்தில் ஒப்பம் வாங்க எங்கள் கிராம அலுவலரான விதானையாரிடம் போனேன். அவர் வன்னியிலே பிறந்து வளர்ந்தவர். பக்கம் பக்கமாக வாசித்து முதலாம் பக்கத்துக்குத் திரும்பி வந்தார்.

"ஐயா இஞ்ச வந்து எத்தினை வருசம்?"

"முப்பத்தி நாலு. ஆவணியோட."

"எனக்கு வயசு முப்பத்தியொண்டு. அப்ப என்னைவிட மூண்டு வருசம் மூத்த வன்னியான் நீங்கள். இன்னும் நிரந்தரம் யாழ்ப்பாணமோ?"

"ஊர் எண்டு கேட்டா அதைத்தானே சொல்லவேணும்."

"சொல்லுங்கோ, சொல்லுங்கோ. சுடலை மட்டும் எங்கட."

சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார். நானும் சிரித்தேன்.

மகள் தை மாதம் போனாள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு அறையில் நான்கு பிள்ளைகளோடு தங்கினாள். மார்ச்சில் உதவிப்பணப் பட்டியல் விளம்பரப் பலகையில் போட்டார்கள். மூன்று தாள். அவள் பெயர் மூன்றிலும் இல்லை. அவளோடு எடுபட்ட ஒட்டுசுட்டான் பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரும் இருந்தது. அதில் ஒரு பிள்ளையின் தகப்பனுக்கு எங்களைவிட இரண்டு ஏக்கர் கூட.

அவள் வீட்டுக்கு ஓடிவந்து சொல்லி, மேன்முறையீட்டுக் கடிதம் எழுதிக்கொண்டு திரும்பிப் போனாள். மூன்று நாள். கடிதத்தோடு வந்த ஆவணங்கள் போதாது, தகப்பன் நேரில் வரவேண்டும் என்று சொன்னார்கள் என்று மறுபடி வந்தாள். நான்கு நாள். போனதும் மலேரியாக் காய்ச்சல். அதற்கும் நான்கு நாள்.

இந்தக் காய்ச்சல் கடிதத்தில்தான் அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: உதவிப்பணம் கிடைத்தாலும் விரிவுரை வரவு எண்பது வீதத்துக்குக் குறைந்தால் நிறுத்திவிடுவார்களாம். கொப்பியை எடுத்துக் கோடு போட்டேன். அரையாண்டுக்குப் பதினைந்து கிழமை, கிழமைக்கு ஐந்து நாள், மொத்தம் எழுபத்தைந்து. அதில் ஐந்தில் ஒன்று பதினைந்து. பதினைந்து நாள்தான் விடலாம். பதினொன்று போய்விட்டது. அதில் ஏழு நாள் உதவிப்பணத்துக்காகவே அலைந்த நாள். இனி நான்குதான் மீதி. இன்னொரு காய்ச்சல் வந்தால் அதுவும் இல்லை. உடனே எழுதினேன்: நீ இனி ஒரு பேப்பருக்காகவும் எங்கேயும் அசையக்கூடாது, அலுவலகப் பக்கமும் போகக்கூடாது, எல்லாவற்றையும் நானே வந்து பார்க்கிறேன், வகுப்பில் இரு.

மே மாதம் போனேன். மாங்குளத்தில் பஸ் மாறி, முகமாலையில் இறங்கி புலிகள், இராணுவம் என்று இரண்டு பக்கச் சோதனையும் நடந்து கடந்து, மறுபடி பஸ் ஏறி. மாணவர் நலன் பகுதியில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுதுநர் என் கோவையை எடுத்தார்.

"ஐயா எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்?"

"நாலரைக்கு. ஆறு மணித்தியாலம் நாப்பது நிமிசம் எடுத்தது. அதில சோதனைக்கு மட்டும் ரெண்டு மணித்தியாலம் பத்து நிமிசம்."

"அப்ப ஏன் ஐயா வீடு எட்டு மைல் எண்டு போட்டனீங்கள்?"

"நான் மைல் ஒண்டும் போடேல்லைப் பிள்ளை. ஊரைத்தான் எழுதினனான்."

"ஊரை எழுதினா எங்கட பட்டியல் எட்டு மைல் எண்டுதான் சொல்லும். வீட்டில இருந்து வந்து போற பிள்ளை, காணியும் இருக்குது, கிணறும் இருக்குது எண்டு பின்னால போட்டிட்டினம்." அவர் பத்தொன்பதாவது கேள்வியை மறுபடி வாசித்தார். "ஆறில ஒரு பங்கு. இதையும் எழுதினீங்களோ?"

"இருக்கிறதைத்தானே கேட்டுக் கிடக்கு."

"அந்தக் கிணத்தில தண்ணி அள்ளி எத்தினை வருசம்?"

"நான் அள்ளினது எழுபத்தெட்டில, அம்மான்ர செத்தவீட்டுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, நானும் உங்கட ஊருக்கு அடுத்த ஊர்தான். எங்கட வீடும் கம்பிக்கு உள்ளதான் கிடக்கு. ஆரும் கேட்டா ஊர் அதெண்டு வாயால சொல்லுவன். படிவத்தில வாடகை வீட்டைத்தான் எழுதுவன்."

பிறகு என்னென்ன வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். முத்தையன்கட்டில்தான் நிரந்தரமாக இருக்கிறோம் என்று விதானையாரின் கடிதம். அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம். நான் சத்தியம் செய்து ஒப்பமிடும் சத்தியக்கடதாசி ஒன்று. ஊரில் எங்கள் பெயர் பதிவில் இல்லை என்று அந்த ஊர் விதானையாரின் கடிதம்.

"ஊர்ப் பதிவில பேர் இருக்குதே பிள்ளை," என்றேன்.

"இருக்குதோ?"

"ஓம். தம்பி வருசா வருசம் பதியிறவன்."

"அப்ப வெட்டுங்கோ. யூன் முடியமுன்னம் கொண்டு வாங்கோ." கோவையை மூடும்போது குரலைத் தாழ்த்தினார். "இது உதவிப்பணத்தோட மட்டும் நிக்காது ஐயா. மகள் முல்லைத்தீவு மாவட்டக் கோட்டாவில, குறைஞ்ச வெட்டுப்புள்ளியில எடுபட்டவா. நிரந்தரம் இஞ்சால எண்டு பேப்பரில கிடந்தா, ஒரு நாளைக்கு ஆரும் இடத்தையே கேள்வி கேட்கலாம். கேட்பினம் எண்டு சொல்லேல்ல. கேட்கலாம்."

அந்தக் 'கேட்கலாம்' எனக்குள் புகுந்துவிட்டது. உதவிப்பணம் போனால் பசுக்களோடு போகும். இடம் போனால் பிள்ளை பதின்மூன்று வருடம் படித்ததும் போகும், அதுவும் என் கையெழுத்தால். பல்கலைக்கழகத்து மதிலைத் தாண்டி நடந்தபோது, உள்ளே எங்கோ ஒரு விரிவுரையில் அவள் இருக்கிறாள் என்று தெரிந்தும் கூப்பிடாமல் போனேன்.

அன்று பின்னேரம் தம்பியிடம் போனேன். நலன்புரி நிலையத்து அறை, நடுவில் சேலை கட்டி இரண்டாக்கியது. ஏழு பேர். இதற்குள் மகளையும் இருத்துவது பற்றி நாங்கள் யாரும் பேசியதே இல்லை. தம்பி மேசன் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"பேரை வெட்டுறதோ?"

"ஓம். ரெண்டு பேரையும்."

"அண்ணை, நான் இவ்வளவு வருசமும் ஏன் எழுதினனான் எண்டு தெரியுமோ? நாளைக்கு ஆமி ஊரை விட்டா, பதிவில உள்ளவையைத்தான் உள்ள விடுவினம்."

"எனக்கு இப்ப பிள்ளையின்ர படிப்பு."

"உங்களுக்கு ஒரு அந்தரம் வந்தா? வன்னி எந்த நேரம் எப்பிடி இருக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்? இஞ்சால வாறதுக்கு ஒரு துண்டு வேண்டாமோ?"

"இப்ப சமாதானம்தானே."

அவன் சேலைக்கு அந்தப் பக்கம் பார்த்துத் தன் மனைவியிடம் சொன்னான்: "கேட்டியோ? அண்ணை கணக்கில புலி. ஆனா ஒரு பக்கத்தை மட்டும்தான் கூட்டுவார்."

அன்று அவர்கள் வாசலில் பாய் போட்டுப் படுத்தேன். காலையில் அவன் என்னோடு பேசாமல் வேலைக்குப் போனான்.

யூனில் இரண்டாம் தரம் போனேன். இங்கத்தைய விதானையாரின் கடிதம் கையில் இருந்தது. எழுதும்போது அவர் 'நிரந்தர வதிவாளர்' என்ற சொல்லின் கீழ் மட்டும் ஒரு கோடு போட்டார். நான் புதன்கிழமை பின்னேரம் திரும்பி வருவதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன். வியாழன் காலை ஆறு மணிக்கு எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை. எட்டு நாளுக்கு ஒருமுறை, ஆறு மணித்தியாலம். தவறினால் அடுத்த எட்டு நாள். சிறுபோகம், கதிர் தள்ளுகிற நேரம்.

ஊர் விதானையார் ஊரில் இல்லை. ஊரே இல்லாதபோது அவர் எங்கே இருப்பார். யாழ்ப்பாணத்தில் ஒரு சங்கக்கடையின் பின்னறையில், வெறும் சாக்குகளுக்கு நடுவே மேசை போட்டிருந்தார். நான் போன புதன் அவர் கூட்டமொன்றுக்குப் போய்விட்டார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். தம்பியிடம் போக மனம் வரவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் இருநூற்றைம்பது ரூபாய் கொடுத்துத் தங்கினேன். வியாழன் காலை ஆறு மணிக்கு விழித்துக்கொண்டேன். பன்னிரண்டு வரை மணியைப் பார்த்தபடியே இருந்தேன்.

விதானையார் இடாப்பைப் பொலித்தீனிலிருந்து அவிழ்த்தார். எங்கள் வீடு ஒரு பக்கத்தின் நடுவில் இருந்தது. இருநூற்றுப் பதினேழு நான், பதினெட்டு மனைவி, பத்தொன்பது தம்பி. அவர் சிவப்புப் பேனையை எடுத்து வெறுங்கையால் வெட்டப் போனார். கோணலாகப் போய் தம்பியின் பெயரிலும் முட்டிவிடும் என்று எனக்குப் பயம். "அடிமட்டம் இருந்தா வைச்சுக் கீறுங்கோ," என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, லாச்சியைத் திறந்து எடுத்து வைத்து, இரண்டு கோடு போட்டார்.

"மற்ற ஆள் மனைவியோ? அவவின்ர ஒப்பம்?"

"நான் வைக்கிறன்."

கொஞ்சம் யோசித்தார். "சரி, குடும்பத் தலைவர் வைச்சாக் காணும்."

இரண்டு இடத்திலும் நான் ஒப்பமிட்டேன். அந்த இலக்கங்களை வேறு யாருக்கும் கொடுப்பார்களா என்று கேட்டேன். இல்லை, வெட்டினால் வெட்டினபடி கிடக்கும் என்றார்.

சத்தியக்கடதாசி தட்டச்சு செய்கிறவர் வழமையாக அடிக்கிற வாசகம் ஒன்று வைத்திருந்தார்: 'யாழ்ப்பாண மாவட்டத்தில் எனக்கோ என் மனைவிக்கோ வதிவிடம் இல்லை.' எனக்கு அது போதவில்லை. அந்தக் 'கேட்கலாம்' காதில் நின்றது. யாரும் எந்தக் காலத்திலும் கேட்க முடியாதபடி ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: 'இனிமேலும் அவ்வாறான உரிமை எதனையும் கோரமாட்டோம்.' "தேவையில்லை ஐயா, இவ்வளவும் காணும்," என்றார். "போடுங்கோ," என்றேன். சமாதான நீதவான் முன்னால் முத்திரைமேல் ஒப்பமிட்டு, இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றைச் சங்கக்கடைப் பின்னறையில் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வயலில் மண் வெடித்திருந்தது.

"வருவியள், வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றாள் மனைவி.

"மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்திருக்கலாமே."

"இந்த முப்பது வருசத்தில ஒருநாள் மடைப் பக்கம் என்னை விட்டனீங்களோ? தண்ணியை அளந்து விடவேணும், உனக்கு அளவு தெரியாது எண்டு சொல்லுறது ஆர்?"

அது உண்மை. அறுவடையில் எட்டு மூடை குறைந்தது.

யூன் 28ஆம் திகதி மூன்றாம் தரம் போய்க் கோவையைக் கொடுத்தேன். எழுதுநர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். சத்தியக்கடதாசியின் கடைசி வரியில் கொஞ்சம் நின்றார். யூலையில் மகளின் கடிதம் வந்தது. பெயர் சேர்த்துவிட்டார்கள், பழைய மாதங்களுக்கும் சேர்த்துத் தந்தார்கள், அறை வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் பஸ்ஸுக்குக் காணும் என்று எழுதியிருந்தாள். கீழே: இந்த அரையாண்டில் விட்ட நாள் பதின்மூன்று.

கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க என்னால் முடியவில்லை. கிடைத்ததைக் கைவிடாமல் வைத்திருப்பது வேறு அலுவல். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், பரீட்சையில் ஒரு பாடமும் தவறக்கூடாது, வரவு எண்பதுக்கு மேல் இருக்க வேண்டும். நான் கிழமைக்கு ஒரு கடிதம் எழுதி வரவைக் கேட்பேன். பிறகு பிறகு அவளே கடிதத் தலைப்பில் திகதி போட்டு, அதன் கீழே வரவையும் போட்டுவிடுவாள். 86. 91. 88. ஒருமுறை 82 என்று வந்தது. அந்தக் கிழமை நான் இரண்டு கடிதம் எழுதினேன். அவள் பதிலில் எழுதினாள்: 'அப்பா, பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒருவரும் எண்ணுவதில்லை.'

2006 ஓகஸ்டில் சண்டை மறுபடி தொடங்கி யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்டது. அவள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அதற்குப் பிறகு நான் அவளுக்கு அனுப்பியது ஒரு சதமும் இல்லை. அனுப்ப வழி இல்லை. யாழ்ப்பாணத்தில் தேங்காயும் மாவும் விற்ற விலையைப் பற்றி வானொலியில் கேட்போம். கடிதங்கள் கப்பலில் சுற்றி, மூன்று நான்கு மாதம் பிந்தி வரும். அப்படி ஒன்றில்: 'உதவிப்பணம் வருகுது அப்பா. அதில்தான் சாப்பாடு. நான்கு பேரும் சேர்ந்து சமைக்கிறோம். வரவு 89.' மனைவி அந்தக் கடிதத்தை வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரிந்த எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "அந்த நேரம் பேரை வெட்டினது நல்லதாப் போச்சு," என்றாள். அது ஒருமுறைதான் சொன்னாள்.

2009 ஏப்ரலில் நாங்கள் இரண்டு பேரும் சண்டைக்குள்ளிருந்து இராணுவப் பக்கம் வெளியே வந்தோம். இந்த முறை தகரம் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒரு பை, இரண்டு சாரம், மனைவியின் மருந்து, மகளின் கடிதம் ஏழு. வெளியே விடாமல் எங்களை அடைத்து வைத்த செட்டிகுளத்து முகாமில் பதிவுக்கு வரிசையில் நின்றோம். மேசையில் இருந்தவர் "நிரந்தர முகவரி?" என்று கேட்டார். முத்தையன்கட்டு என்றேன். யோசிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லும் தைரியம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததே இல்லை. மகள் அந்த நேரம் கடைசிப் பரீட்சை எழுதி முடித்து முடிவுக்குக் காத்திருந்தாள். முடிவு கைக்கு வருமுன் ஒரு கையெழுத்தால் இன்னொரு கையெழுத்தைப் பொய்யாக்கக்கூடாது என்று நினைத்தேன்.

பக்கத்துக் கூடாரத்தில் ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபர் இருந்தார். யாழ்ப்பாணத்தார். கிளிநொச்சியில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். அவருடைய பெயரை ஊரில் அவருடைய அக்கா வருடா வருடம் பதிந்துகொண்டே வந்திருக்கிறா. யாழ்ப்பாணப் பதிவு உள்ளவர்களை முதலில் விடத் தொடங்கியபோது, ஓகஸ்ட் 27ஆம் திகதி பஸ்ஸில் அவரையும் ஏற்றினார்கள்.

"உங்கட பேர் எங்க?" என்று பஸ் படியில் நின்று கேட்டார்.

"இருந்தது," என்றேன்.

அடுத்த மாதம் தம்பியும் மகளும் பார்க்க வந்தார்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு தம்பியை அங்கேதான் கண்டேன். நடுவில் தடுப்பு, பத்து நிமிடம். அவன் ஒரு பிஸ்கற் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணை, ஊர் விதானையாரிட்டப் போனனான். இப்ப புது ஆள். திரும்பப் பேரைச் சேர்க்கலாமோ எண்டு கேட்டன். பைலை எடுத்துப் பாத்தார். உங்கட சத்தியக்கடதாசி கிடக்குது. இனிமேலும் கோரமாட்டோம் எண்டு நீங்களே எழுதிக் குடுத்திருக்கிறியள், தான் என்ன செய்யிறது எண்டார்." பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினான். "அந்தக் கடைசி வரி ஆர் சொல்லி எழுதினது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல."

அவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மகள் அழுதுகொண்டு நின்றாள். "எல்லாம் என்ர படிப்பால."

"ரிசல்ட் வந்திட்டுதோ?"

"ஓம். இரண்டாம் வகுப்பு."

"கடைசி வருசம் வரவு எத்தினை?"

"தொண்ணூத்தி மூண்டு."

"பிறகென்ன," என்றேன்.

எங்களை விட்டது டிசம்பர் 17ஆம் திகதி. தபாலதிபர் போன நாளிலிருந்து நூற்றுப் பன்னிரண்டாவது நாள். முத்தையன்கட்டுக்குத் திரும்பி வந்து, தறப்பாளுக்குக் கீழே இருந்து, அந்தப் படிவப் பிழைக்குப் போன கணக்கை மறுபடி எழுதினேன். பழைய கொப்பி எங்கேயோ போய்விட்டது. நினைவிலிருந்துதான் எழுதினேன், மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். என்னுடைய மூன்று பயணம், மகளின் இரண்டு, சாப்பாடு, விடுதி ஒருநாள், சத்தியக்கடதாசி, பிரதி, முத்திரை, பதிவுத்தபால் எல்லாம் இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு. தண்ணீர் முறை தவறிய எட்டு மூடை நெல், மூடை எண்ணூற்றைம்பதுப்படி, ஆறாயிரத்து எண்ணூறு. அதன் கீழே நாள்: நூற்றுப் பன்னிரண்டு.

மனைவி தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதில ஆற்ற நாள் போட்டிருக்கிறியள்?"

"என்ர."

"நான் எங்க இருந்தனான்?"

நான் மேலேயிருந்து மறுபடி கூட்டத் தொடங்கினேன்.

"என்ர பேரை வெட்டேக்க என்னைக் கேட்டனீங்களோ? ஒப்பத்தையும் நீங்கள்தான் வைச்சனீங்கள். இப்ப கணக்கிலயாவது என்னைச் சேர்த்துப் போடுங்கோ."

நூற்றுப் பன்னிரண்டை அடிமட்டம் வைத்து வெட்டிவிட்டு, திருத்தி எழுதினேன். ரூபாய் ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றாறு. நாள் இருநூற்று இருபத்துநான்கு.